கண்ணீர்த்துளி ட்ரெயிலர் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

வரலாறு என்பது மன்னர்களினதும் போர்களினதும் காலக்கிரமமான பதிவு மட்டுமே என்னும் கருத்து இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. மக்கள் எதனை உண்டனர், எதனை உடுத்தனர், எத்தகைய கூரையின் கீழ் உறங்கினர் என்பனவும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியனவாகிவிட்டன. இவற்றோடு சேர்த்து நோக்கத்தக்க மற்றொரு விடயம் உண்டு. ஒரு பொருளை வாங்கும் முன்னர் மக்கள் எதனை எதனோடு ஒப்பிட்டனர் என்பதே அது. வாங்கப்பட்ட பொருள் அருங்காட்சியகத்தில் எஞ்சி நிற்கக்கூடும். வாங்கியவனின் மனத்திலிருந்த அளவுகோல் அவ்வாறு எஞ்சுவதில்லை. ஆயினும் ஒரு காலத்தின் தேவைகளையும் அச்சங்களையும் ஆசைகளையும் நமக்குக் காட்டவல்லது அந்த அளவுகோலேயாகும். இக்கட்டுரை, ஐக்கிய அமெரிக்காவில் தோன்றி, மறைந்து, மீண்டும் தோன்றிய கண்ணீர்த்துளி ட்ரெயிலர் என்னும் சிறிய வண்டியின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய முற்படுகின்றது.

மோட்டார் காரின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லப்படும் ட்ரெயிலர் வகைகளுள் இதுவே மிகச் சிறியவற்றுள் ஒன்று. முன்புறம் வளைந்து உயர்ந்தும், பின்புறம் சரிந்து ஒடுங்கியும் காணப்படுவதால் இது கண்ணீர்த்துளி எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட இதன் உட்புறம் முழுவதும் ஒரு படுக்கையே. இருவர் உறங்கலாம், அமரலாம், எழுந்து நிற்க முடியாது. பின்புறத்துக் கதவை மேலே தூக்கினால் அங்கே ஒரு சிறு சமையலிடம் காணப்படும். சமைப்பவர் தரையில், வெளியே நின்றே சமைக்கவேண்டும். பழைய வகை வண்டிகளின் நிறை பொதுவாக 1000 இறாத்தலுக்கு உட்பட்டதாகவே இருந்தது. உள்ளே உறங்குதல், வெளியே வாழ்தல் என்பதே இவ்வண்டியின் தத்துவம் எனலாம்.

மழையும் விளம்பரமும்

இவ்வண்டியின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு, அதற்கு முன்னர் அமெரிக்கர் எதனை வாங்கினர் என்பதை அறிதல் வேண்டும். ஹென்றி ஃபோர்டின் ‘மொடல் டி’ கார் 1908 இல் அறிமுகமாயிற்று. 1925 அளவில் அதன் மிக மலிவான வகையின் விலை 260 டொலராகக் குறைந்தது. தொழிலாளரும் விவசாயிகளும் கார் வாங்கக்கூடிய நிலை உருவாயிற்று. காரைக் கொண்டு விடுமுறைப் பயணம் மேற்கொண்டோர் கூடாரத்தையும் கொண்டுசென்றனர். சிலர் விரித்து மடிக்கத்தக்க கூடார ட்ரெயிலர்களை வாங்கினர்.

இக்கட்டத்தில் டெட்ரொயிட் நகரைச் சேர்ந்த ஆதர் ஷேர்மன் என்னும் நுண்ணுயிரியலாளரின் அனுபவம் குறிப்பிடத்தக்கது. மருந்துக் கம்பனியொன்றின் தலைவராகவும் விளங்கிய இவர், தம் குடும்பத்தின் விடுமுறைப் பயணத்துக்கென ஒரு கூடார ட்ரெயிலரை வாங்கினார். ஐந்து நிமிடத்தில் அதனை விரித்து நீர்புகா அறையாக்கிவிடலாம் என விளம்பரம் கூறியது. முதல் இரவிலேயே இடியுடன் மழை பெய்தது, அவரும் பிள்ளைகளும் எவ்வளவோ முயன்றும் வண்டி விரியவில்லை, அனைவரும் நனைந்தனர். இதன் விளைவாக, விரிக்கவேண்டிய தேவையே இல்லாத உறுதியான சுவர்களைக் கொண்ட வண்டியொன்றைத் தாமே வடிவமைத்துச் செய்வித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்தோர் பயணம் செய்த கூடார வண்டிகளை நினைவூட்டும் வகையில் அதற்குக் ‘கவர்ட் வாகன்’ எனப் பெயரிட்டார். 1930 ஜனவரியில் டெட்ரொயிட் மோட்டார் கண்காட்சியில் அதனை ஏறத்தாழ 400 டொலர் விலையில் காட்சிக்கு வைத்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் வாங்க முன்வந்தனர். 1936 அளவில் அவரது கம்பனி அந்நாட்டின் மிகப் பெரிய ட்ரெயிலர் உற்பத்தி நிறுவனமாக வளர்ந்திருந்தது.

இச்சம்பவம் வெறும் வணிக வெற்றிக் கதையன்று. விளம்பரத்தின் கூற்றும் மழையின் சாட்சியமும் வேறுபட்டபோது, வாங்குபவரின் அளவுகோல் மாறியது. அதற்கு முன் ‘எவ்வளவு சிறிதாக மடியும்?’ என்று கேட்டவர்கள், அதன்பின் ‘மழையில் எவ்வாறு நிற்கும்?’ என்று கேட்கத் தொடங்கினர். இந்த இரண்டாவது வினா கண்ணீர்த்துளி வண்டியின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுவதை நாம் காண்போம்.

வீடா, வண்டியா?

ஷேர்மனின் வண்டி வெற்றிபெற்ற காலமே பெரும் பொருளாதார மந்தத்தின் காலமுமாகும். 1933 இல் அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையற்றிருந்தனர். வீடிழந்தோர் பலருக்கு ட்ரெயிலரே வீடாயிற்று. இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்க மக்களுள் பாதிப்பேர் ட்ரெயிலர்களிலேயே வாழ்வர் என ரோஜர் பாப்சன் என்னும் பொருளாதார எதிர்வுகூறுநர் அக்காலத்தில் கூறியமை பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. வரி செலுத்தாது ஊரோரத்தில் தங்குவோர் என்ற ஐயத்தோடு ட்ரெயிலர்வாசிகளை நோக்கிய பல நகரசபைகள், அவர்கள் தரித்து நிற்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தன.

மறுபுறத்தில் வசதிபடைத்தோருக்கான ட்ரெயிலர்களும் உருவாயின. லிண்ட்பேர்க் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனித்துக் கடந்த விமானத்தின் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றிய ஹோலி பௌலஸ், 1934 இல் ஆணி அறைந்து பொருத்திய அலுமினியத் தகட்டாலான ட்ரெயிலரை வெளியிட்டார். அதன் வழிவந்ததாகக் கொள்ளத்தக்கது வாலி பயம் 1936 இல் விற்பனைக்கு விட்ட ‘ஏயர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’. நால்வர் உறங்கும் வசதி, நீர்த்தொட்டி, மின்விளக்கு ஆகியன கொண்ட அதன் விலை 1200 டொலர். அன்றைய சாதாரண புதிய கார் ஒன்றின் விலையிலும் இது மிகக் கூடியது.

இவ்விரு முனைகளுக்கும் இடையில், 1930களில், கண்ணீர்த்துளி வண்டி தோன்றியது. ஏழையின் நிரந்தர வீடாகும் அளவுக்கு அது பெரிதன்று. செல்வந்தரின் அசையும் மாளிகையாகும் அளவுக்கு விலையுயர்ந்ததுமன்று. வேலையும் ஒரு சிறு காரும் சில நாள் ஓய்வும் உடைய இருவர், விடுதிக்குப் பணம் செலுத்தாமலும் ஈரத்தரையில் படுக்காமலும் இரவைக் கழிப்பதற்கான சாதனமாகவே அது அமைந்தது. அதில் நிரந்தரமாகக் குடியிருத்தல் எவருக்கும் எளிதன்று. ஆகவே வீடா வண்டியா என்ற வினா அக்காலத்தில் ட்ரெயிலர்கள் அனைத்தையும் சூழ்ந்திருந்தபோதும், இவ்வண்டி தன் சிறுமையினாலேயே அதிலிருந்து தப்பிற்று எனக் கொள்ளலாம்.

வடிவத்தின் மூலம்

இனி அதன் வடிவத்தை நோக்குவோம். காற்றின் தடையைக் குறைக்கும் உருவங்களைப் பற்றிய ஆராய்ச்சி விமானங்களோடும் வான்கப்பல்களோடும் வளர்ந்து, முதல் உலக மகாயுத்தத்தின் பின் மோட்டார் வாகனங்களுக்கும் பரவியது. 1921 இல் பேர்லின் கண்காட்சியில் எட்மண்ட் ரும்ப்ளர் வெளியிட்ட கார் ‘துளிக் கார்’ என்றே பெயர்பெற்றது. 1979 இல் காற்றுச் சுரங்கமொன்றில் அதனைச் சோதித்தபோது அதன் தடைக்குணகம் 0.28 எனக் காணப்பட்டது. பல தசாப்தங்களுக்குப் பின்வந்த கார்களும் எளிதில் எட்டாத அளவு அது. எனினும் வணிகரீதியில் அக்கார் தோல்வியுற்றது. 1934 இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் கம்பனி வெளியிட்ட ‘ஏயர்புளோ’ காருக்கும் அதே கதி நேர்ந்தது.

காராகத் தோற்ற இவ்வடிவம் ட்ரெயிலராக ஏற்கப்பட்டது கவனத்துக்குரியது. காரை வாங்குவோர் அதனை அயலவர் முன் நிறுத்தும் பொருளாகக் கருதினர். பழகாத உருவத்துக்கு அஞ்சினர். விடுமுறை வண்டிக்கு அத்தகைய அச்சம் குறைவு. அன்றியும், சரிந்து ஒடுங்கும் பின்புறம் இங்கு காற்றுக்கு மட்டுமன்றிச் சமையலிடத்துக்கும் உதவிற்று: அச்சரிவே மேலே தூக்கும் கதவாகி, சமைப்பவரின் தலைக்கு மேல் ஒரு தாழ்வாரமாயிற்று. இயற்கையில் விழும் மழைத்துளி உண்மையில் இவ்வடிவமுடையதன்று என்பதையும் இங்கு குறிப்பிடலாம். சிறு துளி கோளமாயிருக்கும்; பெருந்துளி அடிப்புறம் தட்டையாகும். ஆகவே இவ்வண்டியின் பெயர் இயற்கையிலிருந்து அன்றி, ஓவியர் வரையும் துளியிலிருந்தே பெறப்பட்டது.

பலகையும் சஞ்சிகையும்

வடிவத்தைத் தீர்மானித்த மற்றொரு காரணி பொருளியல் சார்ந்தது. அமெரிக்காவில் ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில் விற்கப்படுகின்றது. கண்ணீர்த்துளி வண்டியின் தரை அதே அளவுடையது. பக்கச் சுவர் ஒவ்வொன்றும் அத்தகைய ஒரு பலகையிலிருந்து வெட்டி எடுக்கத்தக்கது. மனித உடலின் அளவும் பலகையின் அளவும் ஒன்றையொன்று சந்தித்த இடத்திலேயே இவ்வண்டி பிறந்தது எனலாம். ஆயின் முற்காலத்து ஒட்டுப்பலகை ஈரம்பட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். 1934 இல் வாஷிங்டன் மாநிலத்து ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்த ஜேம்ஸ் நெவின் என்னும் இரசாயனவியலாளர் முற்றிலும் நீர்தாங்கும் பசையை உருவாக்கினார். வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியைச் சாதாரண மனிதன் தன் வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்வதற்கு இதனால் வழிபிறந்தது.

அவ்வாறு செய்வதற்கான வரைபடங்களை ‘பொப்பியுலர் மெக்கானிக்ஸ்’, ‘மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்’ முதலிய சஞ்சிகைகள் வெளியிட்டன. 1942 பெப்ரவரியில் யுத்தத் தேவைக்காகப் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பெற்றோல் பங்கீடு அமுலாயிற்று. வேக எல்லை மணிக்கு 35 மைலாகக் குறைக்கப்பட்டது. விடுமுறைப் பயணம் ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1945 இல் யுத்தம் முடிந்தபோது, நான்கு ஆண்டுகளாக அடக்கிவைக்கப்பட்ட பயண விருப்பமும், அரசாங்கத்திடம் குவிந்துகிடந்த மிகைப் பொருள்களும் ஒரே வேளையில் சந்தைக்கு வந்தன. ஜீப் வண்டியின் சில்லுகளும், சில வேளைகளில் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைத் தகடும் கண்ணீர்த்துளி வண்டிகளாக மாறின. நகரங்களை அழிக்கச் செய்யப்பட்ட உலோகம் இருவர் உறங்கும் கூரையாயிற்று. 1947 செப்டெம்பரில் ‘மெக்கானிக்ஸ் இலஸ்ட்ரேட்டட்’ வெளியிட்ட வரைபடமே இவ்வகையில் மிகுந்த புகழ்பெற்றது. இன்றும் அதனைப் பின்பற்றிச் செய்வோர் உளர்.

இக்காலத்தில் தென் கலிபோர்னியா இவ்வண்டியின் முக்கிய தொட்டிலாக விளங்கியமை தற்செயலன்று. விமானத் தொழிற்சாலைகள் அங்கு செறிந்திருந்தன. அலுமினியத்தைக் கையாளத் தெரிந்த தொழிலாளர் நிறைந்திருந்தனர். கோடையில் மழை அரிது. வெளியே நின்று சமைக்கும் வண்டிக்கு இதனினும் ஏற்ற காலநிலை இல்லை. லோங் பீச் நகரில் 1945 இல் தொடங்கிய ‘கிட்’ கம்பனி தன் சிறு வண்டிகளால் பெயர்பெற்றது. ‘பென்ராய்’, ‘கென்ஸ்கில்’ போன்ற பெயர்களிலும் வண்டிகள் வெளிவந்தன.

ஆகவே 1947 இல் இவ்வண்டியை விரும்பிய ஒருவர் முன் மூன்று தெரிவுகள் இருந்தன: வரைபடத்தைக் கொண்டு தாமே செய்தல், பாகங்களை வாங்கிப் பொருத்துதல், முழுமையான வண்டியை வாங்குதல். முதலாவதில் பணம் மிஞ்சும், உழைப்பு செலவாகும். மூன்றாவதில் அதன் மறுதலை. எது சிறந்தது என்ற வினாவுக்கு விடை வண்டியில் இருக்கவில்லை. வாங்குபவரின் கையில் இருந்த திறனிலும் ஓய்விலும் இருந்தது.

எங்கே நிறுத்துவது?

ஆனால் இத்தெரிவுகள் அனைவருக்கும் சமமாக வாய்க்கவில்லை என்பதை வரலாற்று மாணவன் மறத்தலாகாது. இன ஒதுக்கல் நிலவிய அக்காலத்தில் கறுப்பின மக்களை ஏற்காத விடுதிகளும் உணவகங்களும் ஏராளம். எந்த ஊரில் எங்கே தங்கலாம் என்பதை அவர்களுக்கு உணர்த்த விக்டர் கிறீன் என்னும் தபால் ஊழியர் 1936 இல் ‘கிறீன் புக்’ என்ற வழிகாட்டியை வெளியிடத் தொடங்கினார். அது முப்பது ஆண்டுகளாக வெளிவந்தது. தம் படுக்கையைத் தாமே இழுத்துச் செல்வோருக்கு விடுதிக்காரரின் தயவு தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் படுக்கையை நிறுத்துவதற்கு ஓரிடம் வேண்டுமே! வேர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1939 இல் திறக்கப்பட்ட லூயிஸ் மலை முகாம் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்டது. அப்பூங்கா 1950 இலேயே முழுமையாக அனைவருக்கும் பொதுவாயிற்று. வண்டிகளின் நிறையையும் விலையையும் ஒப்பிட்டு நோக்கும் சுதந்திரம், அவ்வண்டியை நிறுத்தும் நிலத்தில் உரிமையுடையோருக்கே முழுமையாக உரியதாயிருந்தது. ட்ரெயிலர் விளம்பரங்களை மட்டும் சான்றாகக் கொண்டு எழுதப்படும் வரலாறு இவ்வுண்மையைக் காணாது.

மறைவும் மீட்சியும்

1950களின் இறுதியில் கண்ணீர்த்துளி வண்டி சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. அது பழுதான வண்டி என்பதனாலன்று. யுத்தத்தின் பின் அமெரிக்காவில் பிறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. 1957 இல் மட்டும் ஏறத்தாழ 43 இலட்சம் குழந்தைகள் பிறந்தன. இருவருக்கான படுக்கை, மூன்று பிள்ளைகளையுடைய குடும்பத்துக்கு எவ்வாறு போதும்? கார்களின் இயந்திர வலு கூடிற்று, பெற்றோல் மலிவாயிருந்தது, 1956 இல் நிறைவேறிய சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலை வலையமைப்புக்கு வழிவகுத்தது. பெரிய ட்ரெயிலரை இழுப்பதற்கு இருந்த தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. பெரியதே சிறந்தது என்ற அளவுகோல் வேரூன்றியது. அந்த அளவுகோலால் அளந்தபோது, முன்பு இவ்வண்டியின் குணங்களாகக் கருதப்பட்ட அனைத்தும் குறைகளாயின.

மறைவுக்கு எரிபொருளின் மலிவே தனிக்காரணம் எனின், 1973 ஆம், 1979 ஆம் ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளின்போதே இவ்வண்டி பெருமளவில் மீண்டிருக்கவேண்டும். அதன் மீட்சியோ 1990களிலும் 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலுமே நிகழ்ந்தது. பழைய கார்களைப் புதுப்பிப்போர் அவற்றுக்குப் பின்னால் கொழுவுவதற்குப் பழைய கண்ணீர்த்துளிகளைத் தேடினர். இணையம் பரவியபோது, கைவிடப்பட்ட வரைபடங்களும் செய்முறை அனுபவங்களும் கைமாறின. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்த முதியோரும், பிள்ளைகளற்ற இளையோரும் மீண்டும் ‘இருவர்’ என்ற எண்ணுக்கு வந்தனர். 2020 இல் பரவிய பெருந்தொற்று, பிறர் உறங்கிய அறையில் உறங்க அஞ்சுவோரை உருவாக்கிற்று. 2021 இல் அமெரிக்காவில் எல்லா வகையையும் சேர்த்து 6 இலட்சத்துக்கு மேற்பட்ட பொழுதுபோக்கு வாகனங்கள் விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டன.

இன்று இவ்வண்டிகளை ஒப்பிடுவோர் கேட்கும் வினாக்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் மேற்கூறிய வரலாறு முழுவதும் படிந்திருப்பதைக் காணலாம். படுக்கை 4 அடியா, 5 அடியா என்ற வினா பழைய ஒட்டுப்பலகையின் அளவை மீறலாமா என்ற வினாவே. அகலம் கூடினால் உறக்கம் இனிதாகும், நிறையும் காற்றுத் தடையும் கூடும். சட்டகம் மரமா, அலுமினியமா என்பது ஷேர்மன் நனைந்த மழையின் தொடர்ச்சி; மரம் இலகுவில் திருத்தத்தக்கது, எனினும் ஒருமுறை நீர் புகுந்தால் உள்ளிருந்து உக்கும். நீர் பெரும்பாலும் புகுவது பின்கதவின் கீல் வழியாகவே என்பதால், அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது அதனையே. மூடிய சிறு அறையில் இருவரின் மூச்சே இரவில் நீராகப் படியும் என்பதனால் காற்றோட்டத் துவாரமும் நோக்கப்படுகின்றது. மொத்த நிறையில் ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் கொழுவியில் தங்கவேண்டும். அது குறைந்தால் வேகத்தில் வண்டி பக்கவாட்டில் ஆடும். இவற்றுள் எதனையும் வண்ணப் படத்தில் காணமுடியாது. வண்டியின் உள்ளே படுத்தும், பின்கதவைத் திறந்து மூடியும், நிறுத்தும் அறியவேண்டியவை இவை.

இம்மீட்சியில் இரு முரண்கள் உள்ளன. முதலாவது, சாதாரண தொழிலாளி எஞ்சிய பலகையாலும் மிகைத் தகட்டாலும் செய்துகொண்ட வண்டி இன்று தொழிற்சாலையில் செய்யப்பட்டு, பல வேளைகளில் 20,000 டொலரையும் தாண்டி விற்கப்படுகின்றது. எளிமையே விலையுயர்ந்த பண்டமாகியுள்ளது. இரண்டாவது, இவ்வகை வண்டிகளைச் செய்யும் பெயர்பெற்ற நிறுவனமொன்று ஓகையோ மாநிலத்தின் சுகர்கிறீக் என்னும் ஊரில் உள்ளது. அங்கு வேலைசெய்வோருள் பலர் ஆமிஷ் சமயக் குழுவினர். மோட்டார் கார் வைத்திருப்பதைத் தம் மரபால் தவிர்ப்போர். காரை உடைமையாகக் கொள்ளாதோரின் கைத்திறன் காரின் பின்னால் ஓடுகின்றது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, கண்ணீர்த்துளி ட்ரெயிலர் தன் நூற்றாண்டுக்குக் கிட்டிய வாழ்வில் அடிப்படையில் அதிகம் மாறவில்லை என்பது புலனாகும். 1947 இன் வண்டியையும் இன்றைய வண்டியையும் அருகருகே நிறுத்தினால் இரண்டையும் உறவினர் என எவரும் கூறுவர். மாறியது அளப்பவரின் அளவுகோலே. மந்த காலத்தில் மலிவும், யுத்தத்தின் பின் கைத்திறனும், 1950களில் பருமனும், இன்று இலகுவும் அழகும் அளவுகோலாயின. அதே வண்டி ஒரு காலத்தில் போதுமானதாயும், மற்றொரு காலத்தில் போதாததாயும், பின்னொரு காலத்தில் விரும்பிப் பெறும் அரும்பொருளாயும் கருதப்பட்டது.

ஒரு பொருள் தோற்றது, வென்றது என எழுதும்போது, எந்த அளவுகோலால், யாருடைய அளவுகோலால் என வினவுவது வரலாற்று மாணவனின் கடமையாகும். லூயிஸ் மலை முகாமில் தனித்து நிறுத்தப்பட்டவரின் அளவுகோல் எந்த விளம்பரத்திலும் அச்சிடப்படவில்லை. ஆயினும் இருவர் உறங்குவதற்கு எவ்வளவு இடம் போதும், அந்த இடத்தை எங்கே நிறுத்த அவர்கள் அனுமதிக்கப்படுவர் என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே கேட்கும்போதே இச்சிறு வண்டியின் வரலாறு முழுமைபெறும்.